இஸ்ஹாக் வைத்த பல் விருந்து

தில்லையடியில் இஸ்ஹாக்கைப் போல் சட்டம் போடுகிற ஆளை நீங்கள் காண ஏலாது. வீட்டில் எதற்கும் ஒரு சட்டம். செருப்பை எந்தப் பக்கம் கழற்றுவது, பேக்கரிப் பாணை எந்த நுனியிலிருந்து வெட்டுவது, மழை வந்தால் முதலில் எந்த ஜன்னலை அடைப்பது, எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. போடுவது அவர். நடத்துவது அவர் மனைவி அஸ்ரியா. போட்டதற்கும் நடந்ததற்கும் இடையில் சட்டம் என்ன பாடு பட்டது என்று மனுசன் ஒருநாளும் விசாரித்தது இல்லை. விசாரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போன மழைக்காலத்தில் அவர் போட்ட சட்டம் ஒரு நாய்க்குட்டியைப் பற்றியது.

"பால்பல்லு விழுற வரைக்கும்தான். அதுக்குப் பொறகு அது குட்டி இல்ல, நாய். நாய்க்கு இந்த வளவுல இடமில்ல. முத்தலிபு நானாட மீன்வாடிக்குப் போகும்" என்றார். சொல்லும்போது கதிரையை விட்டு எழும்பி நின்றார். முக்கியமான சட்டங்களை அவர் நின்றுதான் போடுவார்.

அஸ்ரியா சண்டைக்கு வருவாள் என்று அரை மணித்தியாலத்துக்குப் போதுமான பதில்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவளோ, "யோசிச்சு நாளைக்குச் சொல்றன்" என்று குசினிக்குள் போய்விட்டாள். மறுநாள் பின்னேரம் தேத்தண்ணியோடு வந்தாள்.

"சரி, நீங்க சொன்ன மாதிரியே செய்வம். ஆனா விழுந்த பல்லை உங்கட கண்ணால காணணும். சும்மா சந்தேகத்துல ஒரு சீவனைத் துரத்தப் படாது."

"ஓம். பல்லு என்ட கைக்கு வந்தா அண்டைக்கே பள்ளிவாசல்துறை வாடிக்கு."

"வராட்டி?"

"வராம எங்க போற? பல்லு எண்டா விழும்."

"அல்லாஹ்வுக்காகச் சொன்ன வாக்குத்தானே?"

"ஓமெண்டு சொல்றன்ல!"

அஸ்ரியா வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். இஸ்ஹாக்குக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு நன்றாக இறங்கியது.

குட்டி வந்த விதத்தைச் சொல்லாவிட்டால் இஸ்ஹாக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். போன நவம்பரில் அஸ்ரியாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஒரு நாள் இருந்தது. மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு, இரண்டு கையிலும் ஏந்தி, அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனவர் இஸ்ஹாக்தான். தூக்க வேறு ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவு சின்னது. அதற்குப் பிறகு மழை பிடித்தது. அவருக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. மழையென்றால் உப்பும் இல்லை, வேலையும் இல்லை. மூன்று கிழமை கதிரையில் குந்திக்கொண்டு முற்றத்து வெள்ளத்தைப் பார்த்தார். வீட்டில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. ஏழு வயது மகள் பஹ்மா, தம்பிக்கென்று வரைந்து வைத்த படங்களை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டச் சொன்னாள்.

அந்த மழையில்தான் ஒருநாள் வடிகானில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை, பஹ்மா சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். தவிட்டு நிறம். உள்ளங்கை அளவு முகம். அதற்குச் சீனி என்று பெயர் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

எங்கள் வீடுகளுக்குள் நாய் வராது, அது தெரிந்த சங்கதி. எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். ஆனால் பின்வளவில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு நாய் நிற்பதற்குத் தடை இல்லை. பஹ்மா நீளமான கம்பில் சிரட்டையைக் கட்டி, அதில்தான் சோறு நீட்டுவாள். ஆக மார்க்கம் குட்டியைத் துரத்தவில்லை. துரத்த நின்றது இஸ்ஹாக்.

ஏன் என்று கேட்டால் கோழி என்பார், குரைப்பு என்பார், பக்கத்து வீட்டார் என்பார். எல்லாம் பொய். சின்னதாக மூச்சு விடுகிற எதையும் அவரால் பார்க்க ஏலவில்லை. இதுவும் ஒருநாள் போகும், என் பிள்ளை இன்னொரு தரம் அழும், நான் இன்னொரு தரம் குழி வெட்டவேண்டி வரும். இதுதான் அவருடைய பயம். ஒருத்தருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை.

பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் மீன் காயப்போடுகிற வாடி வைத்திருந்த முத்தலிபு நானா காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். "பால்பல்லோட கொண்டு வராதே, கருவாட்டுக்குக் காவல் நிக்காது, அதையே தின்னும். பல்லு மாறினாப் பொறகு கொண்டு வா" என்று அவர் சொன்னதில் இருந்துதான் அந்தச் சட்டமே பிறந்தது.

பிறகென்ன, காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை. குட்டி படுக்கிற இடத்தில் வெள்ளை உரப்பையை விரித்தார், பல் விழுந்தால் பளிச்சென்று தெரியட்டும் என்று. கடிக்கத் தேங்காய்மட்டை போட்டார். காய்ந்த திருக்கைக் கருவாட்டில் ஓர் ஓரம் வெட்டிப் போட்டார். குட்டி எல்லாவற்றையும் கடித்தது. உரப்பையையும் கடித்தது. இஸ்ஹாக் தினமும் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, குனிந்து குனிந்து மண்ணைக் கிளறினார். முருங்கை விதை கிடைத்தது, சிப்பி கிடைத்தது, காணாமல் போன சட்டைப் பொத்தான் கிடைத்தது. பல் மட்டும் கிடைக்கவில்லை.

நோன்பு வந்து போனது. பெருநாள் இரண்டும் போயின. வெயில் வந்தது, உப்பும் விளைந்தது. குட்டியின் கால் நீண்டது, குரல் தடித்தது. தபால்காரர் படலைக்கு வெளியே நின்றே கடிதம் வீசத் தொடங்கினார். இன்னும் பல் வரவில்லை. பஹ்மாதான் எடுத்து ஒளிக்கிறாள் என்று இஸ்ஹாக் முடிவுக்கு வந்தார். பாவம், அந்தப் பிள்ளைக்குச் சட்டமே தெரியாது.

ஒளிக்கிற பிள்ளையைத் தானாகவே பல்லைக் கொண்டுவர வைக்க என்ன வழி? ஜூலை மாதம் ஒருநாள் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது வழி கிடைத்தது. எங்கேயோ ஒரு நாட்டில் பிள்ளைக்கும் பல் விழுந்திருக்கிறது, வீட்டு நாய்க்குட்டிக்கும் பல் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் காகிதத் தொப்பி போட்டு, பலூன் கட்டி, கேக் வெட்டுகிறார்கள். இஸ்ஹாக் அந்த வீடியோவை மூன்று தரம் பார்த்தார். பிறகு எழும்பி நின்றார்.

"இஞ்ச வாங்க ரெண்டு பேரும். இனி இந்த வீட்டுல பல்லு விழுந்தா விருந்து."

"ஆருட பல்லு?" என்றாள் அஸ்ரியா.

"ஆருட பல்லெண்டாலும்."

"உங்கட பல்லுமா?"

"என்ட பல்லெல்லாம் பலமாத்தான் ஈக்கி."

"இப்பைக்கு."

பஹ்மாவின் கண் விரிந்தது. "சீனிட பல்லு விழுந்தாலுமா வாப்பா?"

"ஓம் மகள். அதுக்கும் விருந்துதான். ஆனா பல்லைக் கொண்டுவந்து வாப்பாட கையில தரணும். பல்லில்லாட்டி விருந்தில்ல."

அஸ்ரியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று உதட்டுக்கு வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பொறாமை என்று இஸ்ஹாக் நினைத்தார். இந்த மாதிரி ஒரு திட்டம் அவளுக்கு வருமா?

பஹ்மா அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள். பிஸ்கட் பெட்டி மட்டையில் இரண்டு தொப்பி வெட்டினாள், ஒன்று தனக்கு, ஒன்று சீனிக்கு. சீனியின் தொப்பியைக் கம்பு நுனியில் மாட்டி நீட்டிப் பார்த்தாள். அது தொப்பியைத் தின்றுவிட்டது. இன்னொன்று வெட்டினாள். விருந்துக்குச் சட்டமும் அவளே போட்டாள்: பல் விழுந்தவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, ஏச்சு இல்லை. ஓட்டைப் பல்லோடு ஒரு போட்டோ. இனிப்புக்கு வட்டிலப்பம் கட்டாயம். சீனிக்கு வட்டிலப்பம் ஒத்துக்கொள்ளாவிட்டால் மாட்டெலும்பு. விழுந்த பல் கூரைக்கு, அது பழைய வழக்கம், அணில் அதை எடுத்துக்கொண்டு புதுப்பல் தரும். சீனியின் பல்லும் அணிலுக்குத்தானா, இல்லை நாய்ப்பல்லை அணில் ஏற்காதா என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கேள்வி.

"அணில்ட கேட்டுச் சொல்றன்" என்றார் இஸ்ஹாக். விருந்தின் செலவைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒரு பல், ஒரு விருந்து, அத்தோடு நாய் பள்ளிவாசல்துறையில்.

முதலில் விழுந்தது பஹ்மாவின் பல். வியாழக்கிழமை காலையில், சுட்ட ரோஸ் பாணின் கரையைக் கடித்தபோது முன்பல் பாணோடு வந்துவிட்டது. விழுந்தால் விருந்து, சொன்னது சொன்னதுதான். அஸ்ரியா வட்டிலப்பம் அவித்தாள். பஹ்மா தொப்பியோடு முற்றத்தில் நின்று, பல்லைக் கையில் பொத்திக்கொண்டு, "அணிலே அணிலே, பழம்பல்லை எடு, புதுப்பல்லைத் தா!" என்று கத்திக் கூரைமேல் எறிந்தாள். பல் ஓட்டில் டிக் என்று விழுந்து ஒரு மடிப்பில் தங்கிவிட்டது. போட்டோ எடுத்தார்கள். இஸ்ஹாக் வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் சிரித்துக்கொண்டு இருந்தார்கள்.

பஹ்மாதான் கேட்டாள். வாய் நிறைய வட்டிலப்பத்தோடு, சாதாரணமாகக் கேட்டாள்.

"உம்மா, தம்பி இருந்தா அவனுக்கு இப்ப பல்லு முளைச்சீக்கும் என்ன?"

அஸ்ரியா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓம் மகள். ஒண்டு ரெண்டு முளைச்சீக்கும்."

"அது விழக்குள்ள நான் விருந்து வச்சீப்பன்."

இஸ்ஹாக் எழும்பிப் பின்வளவுக்குப் போய்விட்டார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதார், மனுசன் அழுவதற்கு வேறு இடம் ஏது? சீனி எழும்பி வந்து நாலடி தள்ளிக் குந்தியது. வாலை ஆட்டவில்லை, குரைக்கவில்லை. சும்மா குந்தியிருந்தது.

"போ அங்கால" என்றார். அது போகவில்லை. அந்த நிமிடம்தான் அவர் தீர்மானித்தார், இனி ஒருநாளும் தாமதிக்கக் கூடாது, இந்தச் சீவனில் பாசம் வைத்தால் நாம் தொலைந்தோம் என்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அஸ்ரியாவும் பஹ்மாவும் பக்கத்து வீட்டு ஷஃபீனாவுக்கு வட்டிலப்பம் கொடுக்கப் போயிருந்தார்கள். இஸ்ஹாக் குளித்து, வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையும் போட்டு ஜும்ஆத் தொழுகைக்குத் தயாராகி நின்றார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ, ஷைத்தான்தான் அறிவான்.

பல் பல்தானே. ஆருடையது என்று அதில் எழுதியா இருக்கிறது?

ஏணியைச் சாத்தி ஏறினார். ஒரு கையில் சாரன், மற்றக் கையில் ஓடு. பாதி தூரம் தவழ்ந்து, ஒரு கூரையோட்டை உடைத்து, மூன்று காகத்திடம் ஏச்சு வாங்கி, கடைசியில் அந்த மடிப்பில் விரலை விட்டுப் பல்லை எடுத்துவிட்டார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அதே பையில்தான் தொழுகைத் தொப்பி, கைக்குட்டை, போன் எல்லாம்.

தாயும் மகளும் படலையைத் திறந்ததும் கையை நீட்டிக் காட்டினார்.

"இந்தா. சீனிட பல்லு. கோழிக்கூட்டடியில."

அஸ்ரியா கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். நல்லாய்ப் பார்த்தாள். "எப்ப விழுந்த?"

"இப்பதான். என்ட கண்ணுக்கு முன்னாலதான் விழுந்த." ஒரு பொய்யோடு நிறுத்தத் தெரியாத மனுசன், அதற்குக் காலும் கையும் வைக்கத் தொடங்கினார். "வாயில இருந்து அப்பிடியே விழுந்திச்சி. எச்சில் கூடக் காயல்ல. சுடச் சுட எடுத்தன்."

"எச்சிலோடவா?"

"பின்ன? வழுவழு எண்டு ஈந்திச்சி."

"யா அல்லாஹ்!" அஸ்ரியா இரண்டடி பின்னால் போனாள். "வெறுங்கையாலயா எடுத்தீங்க? நாயிட எச்சில்! ஏழு தரம் கழுவணுமே! மகள், ஓடிப்போய் முருங்கையடியில நல்ல மண் ஒரு சிரட்டை எடுத்து வாங்க. இஞ்ச பாருங்க, ஒண்டையும் தொடாதீங்க. எதுக்குள்ள போட்டீங்க?"

"சட்டைப்பையில."

"சட்டையும் போச்சு. பைக்குள்ள வேற என்ன?"

இஸ்ஹாக் பட்டியலைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அஸ்ரியா நெஞ்சில் கை வைத்தாள்.

பஹ்மா மண்ணைக் கொண்டுவந்து வைத்தாள். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. வாப்பா விடியக்காலையில் போனில் "பல்லு கிடைச்சா இண்டைக்கே கொண்டாறன் நானா" என்று கதைத்ததை அவள் கேட்டிருக்கிறாள். அழவில்லை. சண்டை பிடிக்கவில்லை.

"சீனியக் கொண்டுபோக முந்தி அதுக்கு விருந்து வைக்கணும் வாப்பா" என்றாள். "நீங்க சொன்னீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய், மழைக்காலத்தில் குந்தியிருந்த அதே மூலையில் குந்திக்கொண்டாள்.

"நீட்டுங்க கையை" என்றாள் அஸ்ரியா. வாளியும் கோப்பையும் வந்துவிட்டன. மண்ணைக் குழைத்து முழங்கை வரைக்கும் பூசினாள். "ஒண்டு." தண்ணீர் ஊற்றினாள். "ரெண்டு." வெள்ளைச் சாரனில் சேறு தெறித்தது. "மூண்டு."

"கெதியாச் செய் புள்ள, பாங்கு சொல்லப் போறாங்க."

"பேச்சுக் குடுக்காதீங்க, எண்ணிக்கை பிழைக்கும். இது நாலா, மூண்டா?"

"நாலு!"

"எனக்குச் சந்தேகம் வந்திட்டு. சந்தேகம் வந்தா குறைஞ்சதைத்தானே எடுக்கணும்? மூண்டு."

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஏழு முடிய இன்னும் நாலு கிடந்தது.

"கை முடிஞ்சா அடுத்தது சட்டை" என்றாள். "அதுக்கும் ஏழு. தொப்பிக்கு ஏழு. கைக்குட்டைக்கு ஏழு. போனை எப்பிடிக் கழுவுறண்டுதான் தெரியல்ல. மண்ணைப் போட்டுத் தேய்ச்சா கண்ணாடி கீறும். எண்டாலும் மார்க்கம் மார்க்கம்தானே? இஞ்ச தாங்க."

போனை வாளிக்கு மேலே பிடித்தாள். இஸ்ஹாக் போனைப் பார்த்தார். சேற்றுக் கையைப் பார்த்தார். கதவு வழியாக அந்த மூலையையும், அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்த பிள்ளையையும் பார்த்தார். அதற்கு மேல் அவரால் தாங்க ஏலவில்லை.

"அது நாய்ப்பல்லு இல்ல!"

"என்ன?"

"நாயிட பல்லு இல்லண்டு சொல்றன்! கூரையில ஏறி எடுத்த. மகள்ட பல்லு."

பஹ்மா பாய்ந்து வந்தாள். வாப்பா வாளியடியில் வைத்திருந்த பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "என்ட பல்லுதான் உம்மா! சீனிட இல்ல!" கோபப்படவேண்டிய பிள்ளை, ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினாள். அங்கே குரைப்பும் கூச்சலும் ஒன்றாகக் கேட்டன.

அஸ்ரியா போனை அவருடைய சட்டைப்பையில் திருப்பிப் போட்டாள். கையில் கிடந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நாய்ப்பல்லு கூரா ஈக்கும். இது மண்வெட்டி மாதிரித் தட்டையா ஈக்கி. பார்த்த உடனே தெரிஞ்சிட்டு" என்றாள்.

"அப்ப சீனிட பல்லு எப்பதான் விழும்?" என்று இஸ்ஹாக் கேட்டார். குரலில் உயிர் இல்லை.

"அதெல்லாம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தியே விழுந்து, புதுசும் முளைச்சிட்டு. குட்டிகள் பல்லு விழுந்தா முழுங்கிப்போடும். ஆயிரத்துல ஒண்டுதான் கையில கிடைக்கும். மிருக டாக்டர் சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

"நீங்க சட்டம் போட்டதுக்கு அடுத்த நாள். அவர்ட கேட்டுட்டு வந்துதானே சரியெண்டன்."

இஸ்ஹாக் வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். இத்தனை மாதம் சுபஹுக்குப் பிறகு மண் கிளறியது கண்ணுக்குள் வந்தது.

"முத்தலிபு நானா காத்துட்டு நிப்பாரே..."

"அவர் நோன்புக்கு முந்தியே வேற நாய் எடுத்துட்டார். நான்தான் தேடிக் குடுத்த. காலையில உங்களோட போன்ல கதைக்கக்குள்ள சிரிப்பை அடக்கிட்டு நிண்டீப்பார், பாவம்." அஸ்ரியா பக்கத்தில் குந்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எதுக்குப் பயப்படுறீங்க எண்டு எனக்குத் தெரியாதா? எனக்கும் அந்தப் பயம்தான். ஒவ்வொரு நாளும் எழும்பின உடனே அது மூச்சு விடுதா எண்டு போய்ப் பார்க்கிறன். ஆனா புள்ள சிரிக்குது. அதை நான் உங்களுக்குக்கூட விட்டுக் குடுக்க மாட்டன்."

பின்வளவில் பஹ்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது, இஸ்ஹாக் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அஸ்ரியா எழும்பினாள். கொடியில் கிடந்த பழைய சட்டையை எடுத்து உதறி அவர் தோளில் போட்டாள்.

"போங்க, பள்ளியில குத்பா தொடங்க முந்தி. வரக்குள்ள நாலு பலகையும் ஒரு தகரமும் எடுத்துட்டு வாங்க. மழைக்கு முந்தி அதுக்கு ஒரு கூடு அடிக்கணும்."

இஸ்ஹாக் எழும்பி நின்றார். ஒரு சட்டம் வரப்போகிறது என்று அஸ்ரியா காத்திருந்தாள். பலகை எத்தனை அடி நீளம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவர் பள்ளிவாசலுக்குப் போனார்.